மெஷினைப் பூப்போல வைத்திருந்தவர்

பூப்போல வைத்திருப்பவர் என்று ஒரு ரகம் உண்டு. கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நீங்களும் நானும் ஒரு பொருளை வாங்குவது அதனிடம் வேலை வாங்கிக்கொள்ள. இவர் வாங்குவது, அதற்கு ஒரு வேலையும் வந்துவிடாமல் காப்பாற்ற. புதுக் குடை வாங்கிய அன்றே மழை பிடித்துக்கொண்டால், குடையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தலையில் கைக்குட்டையை விரித்துக்கொண்டு, தொப்பலாக நனைந்து வீடு வந்து சேருவார். "கையிலதான் குடை இருந்துச்சேங்க?" என்று வீட்டில் கேட்டால், "நனைஞ்சிடாதா?" என்று திருப்பிக் கேட்பார். கேட்டவருக்குத்தான் புத்தி போதாது என்பதுபோல ஒரு பார்வை வேறு.

இவரை அடையாளம் காண்பது கஷ்டமே இல்லை. தன் பொருளைப் பற்றிப் பேசும்போது குரலைத் தணித்துக்கொள்வார். "பத்து வருஷம் ஆச்சு, ஒரு கீறல் கெடையாது. பூப்போல வெச்சிருக்கேன்" என்பார். அந்தப் பத்து வருஷத்தில் அது என்ன வேலை செய்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மனிதர் நொந்துபோவார்.

இந்த ரகத்துக்குத் திருநள்ளாற்றில் ஒரு பிரதிநிதி இருக்கிறார். சைவ ஹோட்டல் நடத்தும் சிவசுப்பிரமணியன். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப்போக உங்களுக்குச் சந்தேகம் வரும்.

மற்ற ஆறு நாளும் அவருடைய ஹோட்டல் ஊரில் உள்ள மற்ற ஹோட்டல்களைப் போலத்தான். சனிக்கிழமை வந்தால் கதையே வேறு. குளத்தில் முழுகி, ஈரத் தலையோடு கும்பிட்டுவிட்டு, பஸ் பஸ்ஸாக, வேன் வேனாக வருகிற கூட்டம், நேரே பொங்கலுக்கும் வடைக்கும் வந்து நிற்கும். பயமெல்லாம் கோயிலோடு போய்விடும், பசி மட்டும் மிச்சம். அத்தனை பேரும் தின்றுவிட்டுப் போகிற தட்டு, டம்ளர், டபரா, சட்னிக் கிண்ணம் எல்லாம் கொல்லைப்புறத் தொட்டியடியில் குவியும். அந்தக் குவியலுக்கு எதிரே ஒரு காலத்தில் நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக மூன்று பேர் வேலையிலிருந்து நின்றுவிட்டார்கள். மிஞ்சியது மாரிக்கண்ணு அம்மாள் மட்டும்.

மாரிக்கண்ணுவுக்கு ஊர் நெரவி. காரைக்காலில் பஸ் மாறி, ஆறு மணிக்கெல்லாம் வந்து தொட்டியடியில் உட்காருவார். பதினோரு வருஷமாக அங்கேதான். விரலிடுக்கெல்லாம் வெடித்து, நகக்கண் ஒவ்வொன்றும் வீங்கிப்போய், டாக்டரிடம் காட்டியபோது, கை தண்ணீரில் படவே கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். "மீனப் பாத்து நீந்தாதங்குறாருங்க டாக்டரு" என்று சிரித்துக்கொண்டேதான் முதலாளியிடம் சொன்னார். முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. மனசு கேட்கவில்லை. ஒரே மாதத்தில், பெரிய ஊர் ஹோட்டல்களில் இருப்பதுபோல, தட்டு கழுவுகிற மெஷின் ஒன்றை வாங்கிக் கொல்லைப்புறத்தில் இறக்கிவிட்டார். அவர் நல்லவர் என்று சும்மாவா சொன்னேன்?

எட்டடி நீளம். இந்தப் பக்கம் பெல்ட்டில் எச்சில் தட்டை நிறுத்தினால் போதும், அது தானே ஊர்ந்து உள்ளே போகும், சோப்புத் தண்ணீரில் நாலாபுறமும் அடி வாங்கும், சுடச்சுட வெந்நீரில் குளிக்கும், ஆவி பறக்க அந்தப் பக்கம் வெளியே வரும். கை நனைக்க வேண்டிய வேலையே இல்லை.

வந்த அன்று தேங்காய் உடைத்தார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். மெஷினின் நெற்றி என்று முதலாளிக்குத் தோன்றிய இடத்திலெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பளபளவென்ற தகட்டின் மேல் கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பிய நீலப் பிளாஸ்டிக் தாளை மாரிக்கண்ணு உரிக்கப் போனார். "ஐயையோ, உரிக்காத! கீறல் விழுந்திடும்" என்று முதலாளி தடுத்தார். சரி, தாள்தானே, இருக்கட்டும் என்று மாரிக்கண்ணு முதல் தட்டை எடுத்தார்.

"மாரிக்கண்ணு! என்ன பண்ணப் போற?"

"தட்டப் போடப் போறேங்க."

"அதுல சாம்பாரு இருக்கே!"

"சாப்புட்ட தட்டுங்க. சாம்பாரு இல்லாம?"

"அப்படியே போட்டா உள்ளல்லாம் என்னத்துக்கு ஆவும்? கழுவிட்டுப் போடும்மா."

மாரிக்கண்ணு மெஷினைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். "கழுவிட்டா அப்புறம் எதுக்குங்க போடணும்?"

"சுத்தமாவுறதுக்கு!"

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? மாரிக்கண்ணு தட்டைத் தூக்கிக்கொண்டு தொட்டியடிக்கே போனார்.

அன்றிலிருந்து அந்த ஹோட்டலில் தட்டு கழுவுகிற முறை இப்படி அமைந்தது. முதல் தொட்டியில் எச்சிலை வழிக்க வேண்டும், இரண்டாவது தொட்டியில் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும், மூன்றாவது தொட்டியில் அலச வேண்டும், அலசிய தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முதலாளியிடம் காட்ட வேண்டும், அவர் தலையாட்டியபின் மெஷினில் நிறுத்த வேண்டும், அது இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தபின், மெஷினைப் பழைய மல்வேட்டியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். வெந்நீர் ஸ்விட்சைப் போடக் கூடாது, ரப்பர் தளர்ந்துவிடும். மெஷினோடு வந்த சோப்புக் கேனைத் திறக்கக் கூடாது, அது மெஷினுக்குள்ளேயே படுமாம். முன்னே ஒரு வேலையாக இருந்தது மூன்று வேலையாயிற்று.

தண்ணீரைப் பதப்படுத்த மெஷினோடு ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள். வாரம் ஒரு முறை அதில் உப்புப் போட வேண்டும் என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு முதலாளி சிரித்த சிரிப்பை மனைவி பங்கஜவல்லி இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார். "நம்ம ஊரு தண்ணியே சவரு. சவருத் தண்ணிக்கு உப்பக் கொட்டச் சொல்றான் பாரு பங்கஜம், இவன் எந்த ஊருக்காரன்?" என்று புத்தகத்தை மூடி, அதற்கும் ஒரு உறை போட்டு, பீரோவில் வைத்துவிட்டார்.

தெரிந்தவர்கள் சாப்பிட வந்தால் தப்ப முடியாது. "உள்ள வாங்க, ஒண்ணு காட்டுறேன். செருப்ப மட்டும் இங்கயே விட்டுடுங்க" என்று கூட்டிப்போவார். வருகிறவர்கள் மெஷினைப் பார்த்து, "அடேயப்பா, இனிமே ஆளே தேவையில்லைன்னு சொல்லுங்க" என்பார்கள். பக்கத்தில் முழங்கை வரை நுரையோடு உட்கார்ந்திருக்கும் மாரிக்கண்ணுவைச் சுற்றிக்கொண்டுதான் அவர்கள் வெளியே வரவேண்டியிருக்கும்.

ஆறு மாதம் இப்படிப் போயிற்று. ஆடிக் கடைசி வெள்ளியன்று காலையில் பெல்ட் நின்றுவிட்டது. ஸ்விட்சைப் போட்டால் உறுமுகிறது, நகரமாட்டேன் என்கிறது. சிவசுப்பிரமணியன் சோறு இறங்காமல் தவித்தார். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மெஷினுக்குச் சுற்றிப் போட்டார். மறுநாள் சனிக்கிழமைக் கூட்டத்தை வழக்கம்போல மாரிக்கண்ணுவின் கைதான் ஓட்டியது. சொல்லப்போனால், மெஷின் படுத்ததில் அவருக்கு அன்று இரண்டு வேலை மிச்சம்.

திங்கட்கிழமை, புதுச்சேரியிலிருந்து சர்வீஸ் இன்ஜினீயர் வந்தார். சுகிர்தா என்று ஒரு பெண். வழியெல்லாம் தமிழ்நாட்டு பஸ்ஸில் குலுங்கி வந்தவர், பையை வைத்துவிட்டு மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கடைசியில் பெல்ட் முடிகிற இடத்தில் குனிந்து, சுண்டுவிரலால் எதையோ துடைத்தார். மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

"என்னம்மா அது?" என்றார் சிவசுப்பிரமணியன்.

"குங்குமம், சார்."

"வெள்ளிக்கிழமை நான்தான் வெச்சேன்."

"கழுவி வந்த தட்டை யாரும் எடுக்கலைன்னா பெல்ட் நிக்கணும். அதைப் பாக்குறதுக்கு இங்க ஒரு சென்சார் இருக்கு. நீங்க அது மேலயே பொட்டு வெச்சுட்டீங்க. தட்டு நிக்குதுன்னு நெனைச்சுக்கிட்டு அதுவும் மூணு நாளா காத்துக்கிட்டு நின்னிருக்கு."

அடுத்து சுகிர்தா ஃபில்டரை உருவினார். எல்லா ஹோட்டலிலும் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு உருவுகிற சாமான் அது. இங்கே அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீலத் தாளின் பிசிறு நாலைந்து இருந்தது. அவ்வளவுதான்.

"சார், ஒரு பருக்கைகூட இல்லையே! மெஷின ஓட்டுனீங்களா இல்லையா?"

"தெனம் ஓடுதும்மா." சிவசுப்பிரமணியனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பூப்போல வெச்சிருக்கேன்."

"தண்ணி தெளிக்கிற ஓட்டையெல்லாம் சுண்ணாம்பு அடைச்சிருக்கே. உப்புப் போடலையா?"

"சவருத் தண்ணிக்கு உப்பா?"

"உப்பு தண்ணிக்கு இல்ல சார், இந்தப் பெட்டிக்கு. தண்ணியில வர்ற சுண்ணாம்ப இது புடிச்சு வெச்சுக்கும். உப்புப் போட்டாத்தான் அது கழண்டு வெளிய போகும். இல்லாட்டி நேரா மெஷினுக்குள்ளதான் படியும்."

உள்ளே ஒரு கீறல்கூட விழாமல் காப்பாற்றிய மெஷினுக்குள் சுண்ணாம்பு! சிவசுப்பிரமணியன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அடைப்பையெல்லாம் எடுத்தபின் சுகிர்தா உள்ளே குரல் கொடுத்தார். "அம்மா, ஒரு நாலு எச்சில் தட்டு கொண்டாங்க, போட்டுப் பாக்கலாம்."

மாரிக்கண்ணு நாலு தட்டு கொண்டுவந்தார். நான்கும் கண்ணாடியாகப் பளபளத்தன.

"எச்சில் தட்டு கேட்டேம்மா."

"இதத்தாங்க நாங்க இதுல போடுறது."

சுகிர்தா தட்டை வாங்கும்போதுதான் அந்தக் கையைப் பார்த்தார். வாங்கிய தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டார். "என்னம்மா கை இது? மெஷின்தான் இருக்கே?"

"மெஷினு இருக்குங்க. மெஷினுக்குக் கழுவிக் குடுக்குறது யாரு?"

சிவசுப்பிரமணியன் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். "இல்லம்மா, அழுக்கு அப்படியே உள்ள போனா..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

சுகிர்தாவுக்கு ஆள் எந்த ரகம் என்று புரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! "சார், ஒண்ணு செய்யலாம். இதுக்கு முன்னாடி ரெண்டடிக்கு இன்னொரு பகுதி கூட்டிக்கலாம். தட்டு மெஷினுக்குள்ள போறதுக்கு முன்னாடியே வெறும் தண்ணிய வேகமா அடிச்சு எச்சிலையெல்லாம் தள்ளிடும். யாரும் கையால கழுவ வேணாம்."

"அப்ப மெஷினுக்குள்ள அழுக்குப் போகாது?"

"போகாது சார்."

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "போட்டுடும்மா. இன்னிக்கே ஆர்டர் போட்டுடு!"

மாரிக்கண்ணுவும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விடிவு காலம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தார், பாவம்.

மூன்றாம் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் புதுப் பகுதி வந்தது. மாட்டினார்கள். சோப்புக் கேனையும் திறந்து மாட்டி ஓட்டிக் காட்டினார்கள். போய்விட்டார்கள். சாயங்காலம் முழுக்க சிவசுப்பிரமணியன் அதன் முன்னால் நின்றார். ஆறு மாதப் பழைய மெஷினுக்கு முன்னால் இது இன்னும் பளபளப்பாக இருந்தது. நீலத் தாள் வேறு, சுருக்கமே இல்லாமல் ஒட்டியிருந்தது. அடுத்து என்ன வரும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. உங்களுக்கும் புரிந்திருக்குமே?

மறுநாள் சனிக்கிழமை. எட்டரை மணிக்கே வாசலில் நாலு பஸ். மாரிக்கண்ணு நெய்ப்பொங்கல் ஒட்டிய முதல் தட்டைத் தூக்கினார்.

"மாரிக்கண்ணு!"

"என்னங்க?"

"புதுசும்மா. நேத்துதான் வந்துச்சு. இந்த ஒரு வாரம் மட்டும் கொஞ்சம் கழுவிட்டு..."

மாரிக்கண்ணு தட்டைக் கீழே வைத்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் முதலாளிக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"மொதலாளி, நான் ஸ்பூன்ல சோறு திங்கிறனே, பாத்தீங்களா?"

"பாத்தேனே. மாரிக்கண்ணு ஸ்டைலா சாப்புட ஆரம்பிச்சிடுச்சுன்னு பங்கஜத்துக்கிட்டகூடச் சொன்னேன்."

"ஸ்டைலு இல்லங்க. மூணு மாசமா சோத்தப் பெசைய முடியல. ரசம் பட்டா உயிரு போவுது. பெத்த புள்ளைக்கு ஊட்டுன கை, எனக்கே சோறு போட மாட்டேங்குது." அந்தக் கையை மெஷினுக்கு நேரே நீட்டிக் காட்டினார். "ரெண்டுல ஒண்ணத்தான் நீங்க நல்லா வெச்சுக்க முடியும். மெஷினா, என் கையா, நீங்களே சொல்லுங்க. மெஷினுதான்னா பதினோரு மணி பஸ்ஸுக்கு நான் கெளம்புறேன். அப்புறம் வரமாட்டேன்."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "கைதான்" என்று சொல்லி எச்சில் தட்டை எடுத்து மெஷினில் வைத்திருப்பீர்கள். அப்படியானால் உங்களுக்கு இந்த ரகத்தைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியவில்லை. சிவசுப்பிரமணியன் கொஞ்ச நேரம் யோசித்தார். மாரிக்கண்ணு போய்விட்டால் ஹோட்டலை மூட வேண்டியதுதான். அது தெரியும். அவர் கை அவர் சொன்னபடிதான் இருக்கிறது, அதுவும் தெரிகிறது. யோசித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நீ உக்காரு மாரிக்கண்ணு. நான் கழுவுறேன்" என்று தொட்டியடியில் உட்கார்ந்துவிட்டார்.

கல்லாவிலிருந்து பங்கஜவல்லி எழுந்து ஓடிவந்தார். "என்னங்க இது கூத்து! மெஷினுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. புதுசா இருக்கு."

பங்கஜவல்லி தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனார். அங்கே சில்லறைக்கு ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

முதல் இருபது தட்டு வரை சிவசுப்பிரமணியன் உற்சாகமாகத்தான் இருந்தார். நெய்ப்பொங்கல் எளிதில் விடுகிற சாமான் இல்லை என்பது இருபத்தோராவது தட்டில் தெரிந்தது. சட்னிக் கிண்ணத்தின் விளிம்பு நகக்கண்ணில் ஏறியது. அந்த இடத்தில் சோப்பு பட்டபோது அம்மா என்று வாய்விட்டே கத்திவிட்டார். கழுவக் கழுவக் குவியல் ஏறியதே தவிர இறங்கவில்லை. கூடத்திலிருந்து "தட்டு! தட்டு வரலையே!" என்று கத்தல். இலை போட்டுச் சமாளித்தார்கள், இலையும் தீர்ந்தது. சாப்பிட வந்தவர்களில் பாதிப் பேர் எதிர்க்கடைக்கு நடக்க ஆரம்பித்தார்கள். பத்தேகாலுக்குள் முதுகு நிமிரவில்லை, பத்து விரலும் வெளுத்துச் சுருங்கி, கட்டைவிரல் ஓரம் வெடித்து எரிந்தது.

பத்து நாற்பதுக்கு மாரிக்கண்ணு எழுந்து பையை எடுத்தார். "பதில் தெரிஞ்சுபோச்சுங்க. நான் வரேங்க" என்றார்.

சிவசுப்பிரமணியன் நிமிர்ந்தார். முதலில் அவர் பார்த்தது பையைப் பிடித்திருந்த கையை. பிறகு தன் கையைப் பார்த்தார். இரண்டு மணி நேரத்துக்கே இப்படி எரிகிறதே, பதினோரு வருஷம் என்றால்? வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்கூடக் கலங்கியது, சோப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். குவியலின் உச்சியிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். சாம்பார், பாதி வடை, ஒரு கறிவேப்பிலை. வடையை வாளியில் தள்ளினார். இத்தனை நாள் தொடாத வெந்நீர் ஸ்விட்சைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தட்டைப் பெல்ட்டில் நிறுத்தினார். ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வோமே, அப்படி நின்றார்.

அந்தப் பக்கம் தட்டு வந்தது. ஆவி பறந்தது. கையில் எடுத்துப் பார்த்தார், சூடு தாங்காமல் போட்டார், மறுபடி எடுத்தார். அழுக்கு என்பது மருந்துக்கும் இல்லை.

"மாரிக்கண்ணு, பையக் கீழ வை" என்றார். சொல்லிவிட்டு நீலத் தாளின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். அது கிழிந்த சத்தம் அவருக்குத்தான் வலித்திருக்கும். ஆனாலும் முழுக்க உரித்தார்.

அதன்பின் ஒன்றரை மாதத்தில் மாரிக்கண்ணுவின் விரல்கள் ஆறிவிட்டன. ஒரு மத்தியானம் ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டு, ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, உள்ளங்கையில் வழிகிறதை நக்கிச் சாப்பிட்டார். பங்கஜவல்லி கேட்காமலேயே இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினார். சிவசுப்பிரமணியன் இப்போது திங்கட்கிழமைதோறும் தன் கையால் உப்புப் போடுகிறார். எச்சில் தட்டு உள்ளே போகிற காட்சியை மட்டும் பார்க்க முடியாமல் வாசல் பக்கம் போய்விடுகிறார். அவ்வளவு எளிதில் குணம் போய்விடுமா?

அண்டா, குண்டான் போன்றவை மெஷினில் நுழையாது. அவற்றை இன்னும் மாரிக்கண்ணுதான் தேய்க்கிறார். அதற்காக முதலாளி முழங்கை வரை வருகிற நல்ல ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார். பத்து நாள் கழித்துப் பார்த்தால், மாரிக்கண்ணு வெறுங்கையோடு அண்டாவுக்குள் குனிந்திருக்கிறார்.

"கிளவுஸ் எங்கம்மா?"

மாரிக்கண்ணு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தார். பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் கையுறை, கம்பெனிக்காரன் குத்திய பின்னைக்கூடப் பிடுங்காமல்.

"புதுசுங்க. அண்டாவுல விட்டா கரி புடிச்சிடுமே."

நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். சிரித்து முடித்தபின் ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறதல்லவா? "நாலு துணிக்கு மெஷின் எதுக்கு, கையாலயே அலசிப் போட்டுடலாமே" என்று போன வாரம் உங்கள் வீட்டில் ஒரு குரல் சொல்லவில்லை? சொன்னவரும் அலசியவரும் ஒரே ஆள்தானா என்று மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.